புறப்படாத ஃபிரிட்ஜும் இரண்டு மேனேஜர்களும்

ஆன்லைன் வியாபாரம் வந்த பிறகு கடை மேனேஜருக்கு வேலை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் கடையில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். முன்பு எங்களைத் திட்டுவதற்கு ஒரே ஒரு முதலாளிதான் இருந்தார். அவரும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இப்போது முகம் தெரியாத ஆட்களெல்லாம் நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறார்கள். தூங்குவதே இல்லை.

புதிதாக மேனேஜர் பொறுப்புக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பதைப் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லுவார்கள். எனக்கு அது ஓய்வு பெறும் நாள்வரை முழுசாகப் பிடிபடவில்லை. நான் சொல்லப்போவது ஒரு ஃபிரிட்ஜைப் பற்றி. கடலூரிலிருந்து சிதம்பரம் போக வேண்டிய ஃபிரிட்ஜ். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற தூரம்தான்.

நான் அப்போது கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் கிளையின் மேனேஜர். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கட்டில், பீரோ என்று குடும்பம் நடத்தத் தேவையான எல்லாம் விற்கிற கடை. எனக்குச் சொந்த ஊர் அண்ணாகிராமம் பக்கம். முந்திரித் தோப்பும் பலா மரமுமாக இருக்கும். எங்கள் ஊரில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். அதே ஆட்கள் கடைக்கு வந்தால் ஃபிரிட்ஜையும் தட்டித்தான் பார்ப்பார்கள்.

ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்தால் யார் பணம் கட்டுவார், யார் முடிவு செய்வார் என்பது எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். அப்பா விலை கேட்பார். அம்மா கதவைத் திறந்து திறந்து மூடுவார். கூடவே மாமா ஒருவர் வருவார். எதையும் வாங்காதவர் அவர்தான். எல்லாவற்றிலும் குறை சொல்கிறவரும் அவர்தான். நான் அவருக்கு நாற்காலி போட்டு, ஒரு டீ வரவழைத்து, "உங்களுக்குத் தெரியாததா மாமா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். வியாபாரம் முடிந்தது. நான் படித்த பி.காம்.மை விட இந்த ஒரு வித்தையில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

பிறகு முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். எல்லாரும் சின்னவர் என்போம். வெளியூரில் படித்தவர், நல்ல பையன், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். சென்னையில் தலைமை அலுவலகத்தை வைத்துக்கொண்டு, நம் கடைக்கென்று ஒரு செயலி தொடங்கினார். தொடக்க விழாவில் லேப்டாப்புக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினோம். எங்கள் கேஷியர் பக்தி ஜாஸ்தி உள்ளவர். லேப்டாப்பின் நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில் சந்தனம் வைத்துவிட்டார். கேமரா இருந்த இடமும் அதுதான். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரர்களுக்கு விழா முழுக்க மஞ்சளாகத் தெரிந்ததாம்.

சின்னவர் அன்று ஒரு விதி அறிவித்தார். ஆன்லைனில் ஒரு பொருள் விற்றால், எந்தக் கிளையில் சரக்கு இருக்கிறதோ அந்தக் கிளைக்கு விற்பனைக் கணக்கு. வாங்கியவர் எந்த ஊரோ, அந்த ஊர்க் கிளை அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வண்டிச் செலவு அந்தக் கிளைக்கு. தாமதமானால் வரும் கெட்ட பெயரும் அந்தக் கிளைக்கே.

கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினோம். வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் விளங்கியது. இனி எங்கள் கம்பெனியில் விற்பதற்கு எல்லாரும் இருப்பார்கள். கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

சிதம்பரம் கிளைக்கு மேனேஜர் ஒரு அம்மா. கடலூர் முதுநகர்க்காரர், மாதா கோவில் தெருவில் வீடு. தினமும் ரயிலில் சிதம்பரம் போய் வருவார். அவரும் நானும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவர்கள். நான் "மேடம்" என்பேன், அவர் "சார்" என்பார். அந்த மரியாதைக்குள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் முந்திவிட வேண்டும் என்ற வெறி இருந்தது. தீபாவளி விற்பனையில் ஒரு வருஷம் நான் முந்துவேன், மறு வருஷம் அவர் முந்துவார். முந்தியவர் மற்றவருக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவோம். அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஆவணி மாதம், கல்யாண சீசன். குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன் எங்கள் செயலியில் சிவப்பு நிற டபுள் டோர் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பணமும் கட்டிவிட்டான். டெலிவரி முகவரி சிதம்பரம். சரக்கு என்னிடம் இருந்தது. கிடங்கில் அந்த மாடலில் அது ஒன்றுதான் மீதி. சிதம்பரத்திலும் ஒன்று இருந்தது. ஆனால் அது காட்சிக்கு வைத்த பீஸ், சிஸ்டத்தில் விற்பனைக்கு வராது.

விற்பனை என் கணக்கில் ஏறிவிட்டது. எனக்கு சந்தோஷம். ஃபிரிட்ஜை அவனுடைய பெயர் ஒட்டி, என் மேசைக்குப் பின்னால் நிறுத்திவைத்து, கம்ப்யூட்டரில் சிதம்பரத்துக்கு மாற்றிவிட்டேன். வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை.

சிதம்பரம் மேடம் அதை எனக்கே திருப்பி மாற்றிவிட்டார். "எங்க வண்டி எங்க வியாபாரத்துக்கே பத்தல. சரக்கு உங்ககிட்ட, நீங்களே அனுப்புங்க" என்று ஒரு வரி. நான் விதியை எடுத்துப் போட்டு மறுபடி அவருக்கு மாற்றினேன். அவர் மறுபடி எனக்கு. ஒருவருக்கொருவர் போன் செய்து பேசவேயில்லை. பேசினால் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே!

எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒவ்வொரு முறை மாற்றும்போதும், 'உங்கள் பொருள் புறப்பட்டுவிட்டது' என்று குவைத்துக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது, கூடவே ஒரு குட்டி லாரி படமும். ஃபிரிட்ஜ் என் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. அதன் தலையில் என் சாப்பாட்டுப் பை இருந்தது.

ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். குவைத் பையனின் அப்பா. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக உள்ளே வந்து, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பெயரைக் குனிந்து படித்தார். பிறகு என் சாப்பாட்டுப் பையை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

"இது என் புள்ளை வாங்குனது சார்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் பொண்ணுக்கு நாளைக்கு சாயந்தரம் ரிசப்ஷன். மறுநாள் காலைல முகூர்த்தம். சிதம்பரம் கடைக்குப் போனன். அங்க இருக்கற பொண்ணு, ஐயா இது ஆன்லைன், ஆன்லைன்ல கேளுங்கன்னுச்சு. ஏம்மா, போர்டுல உங்க கடை பேருதானே இருக்குன்னன். பேரு அதான், ஆனா சரக்கு கடலூர் கடைல இருக்கு, நாங்க வேற அவுங்க வேறன்னுச்சு. சரின்னு பஸ் புடிச்சி இங்க வந்தன்."

நான் விதியைச் சொன்னேன். சரக்கு எங்களுடையது, டெலிவரி சிதம்பரத்தினுடையது என்று பொறுமையாகத்தான் விளக்கினேன். அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அங்க போனா இங்கன்றாங்க. இங்க வந்தா அங்கன்றீங்க. என் புள்ளைக்கு மட்டும் புறப்பட்டுச்சு புறப்பட்டுச்சுன்னு மெசேஜ் வந்துகினே இருக்குது. எது சார் புறப்பட்டுச்சு? நான்தான் சார் புறப்பட்டு வந்திருக்கன்."

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவரைக் கூப்பிட்டேன். வீடியோவில் வந்தார்.

"சார், ஒரு பிரச்சனை. சிதம்பரம் ஆர்டர் இன்னும் போகல."

அவர் தன் திரையைப் பார்த்தார். "இல்லையே சார், டிஸ்பாட்ச் ஆயிடுச்சே. பச்சையா காட்டுதே."

"சார், ஃபிரிட்ஜ் இங்கதான் நிக்குது."

"சிஸ்டம்ல கிளம்பிடுச்சு சார்."

நான் கேமராவைத் திருப்பி ஃபிரிட்ஜைக் காட்டினேன். பெயர் ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற கண்டக்டரையும் காட்டினேன். சின்னவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அது வேற பீஸா இருக்கும் சார்" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தி, கல்யாணம் என்றேன். உடனே அனுதாபப்பட்டார். "ஓ, சாரி சாரி. நீங்க சிஸ்டத்துல ஒரு கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்க சார். நான் டெக்னிக்கல் டீமை முன்னுரிமை குடுக்கச் சொல்றேன்."

டிக்கெட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கண்டக்டர் திரைக்கு முன்னால் வந்துவிட்டார்.

"தம்பி, நான் முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன். டிக்கெட் குடுத்தா ஆளை ஊர்ல கொண்டுபோய் எறக்கி விடணும். நீங்க டிக்கெட்டும் குடுத்துட்டு, வண்டியும் போயிடுச்சுன்றீங்க. ஆளு இன்னும் ஸ்டாண்டுலயே நிக்கறான்."

சின்னவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. "சார், ஒண்ணு பண்ணுங்க. இந்த ட்ரான்ஸ்ஃபரை கேன்சல் பண்ணிட்டு, உங்க கிளைலருந்தே நேரா அனுப்பறா மாதிரி போட்டுடுங்க" என்றார்.

நல்ல யோசனைதான். எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கேன்சல் பட்டனை அழுத்தினான். அந்தப் பட்டன் ட்ரான்ஸ்ஃபரை ரத்து செய்யவில்லை. ஆர்டரையே ரத்து செய்துவிட்டது.

இரண்டு நிமிஷத்தில் கண்டக்டரின் போன் அடித்தது. குவைத்திலிருந்து மகன். ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்டது. "அப்பா, கேன்சல்னு வந்திருக்குப்பா. பணம் ஒரு வாரத்துல திரும்ப வருமாம். என்னப்பா ஆச்சு? தங்கச்சிகிட்ட சொல்லிட்டேனேப்பா!"

"நீ வேலையப் பாருடா. ஃபிரிட்ஜ் என் கண்ணு முன்னாடி நிக்குது. கேன்சலாவது ஒண்ணாவது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

புதிதாக ஒரு ஆர்டர் போட்டு, பழைய பணம் வரும்வரை என் பொறுப்பில் அனுப்பும்படி ஆபரேட்டரிடம் சொன்னேன். கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போனேன். அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு போண்டாவை மட்டும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார்.

திரும்பி வந்தால் என் மேசைக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் இல்லை.

"சார், கேன்சல் ஆனதும் அது தானா திரும்ப விற்பனைக்குப் போயிடுச்சு" என்றான் ஆபரேட்டர். "நான் புது ஆர்டர் டைப் பண்றதுக்குள்ள நெய்வேலிலருந்து ஒருத்தர் ஆஃபர்ல தட்டிட்டாரு. நெய்வேலி நம்ம ஏரியா சார். விற்பனையும் நமக்கு, டெலிவரியும் நமக்கு. பண்ருட்டி போன வண்டி அப்பத்தான் காலியா வந்து நின்னுச்சு. குடோன் ஆளுங்க உடனே ஏத்திட்டாங்க."

அவன்மேல் தப்பே இல்லை. எங்கள் சிஸ்டம் தொடங்கிய நாள் முதல் அன்றுதான் அது வேகமாக வேலை செய்தது. டிரைவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம்தான் எடுத்தான். நெய்வேலிக்காரர் ஆஃபர் போட்டிருந்ததால் சும்மா வாங்கினாராம். வீட்டில் வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் கார் ஷெட்டில் நிற்கிறதாம்.

இதற்கு நடுவே சின்னவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "சார்! கேன்சல் ஆன ஸ்டாக்கை ஒரு டீ குடிக்கற நேரத்துல வித்துட்டீங்க! சூப்பர் சார்!"

டீ குடித்தது நிஜம் என்பதால் நான் மறுக்கவில்லை.

கண்டக்டர் சத்தம் போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரையில் ஃபிரிட்ஜ் நின்ற சதுரம் மட்டும் தூசி இல்லாமல் சுத்தமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பரவால்ல சார். ஒருவழியா புறப்பட்டுச்சே" என்றார்.

என் சர்வீஸில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் இந்த மாதிரி உள்ளே இறங்கியதில்லை.

அப்போதுதான் சிதம்பரம் மேடத்துக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "சார், விதி பத்திப் பேசறதா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"விதி இல்ல மேடம். நீங்களும் நானும் மாத்தி மாத்தித் தள்ளிக்கிட்டு இருந்தோமே, அந்த ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரர் என் முன்னாடி நிக்கறார். நாளைக்குப் பொண்ணுக்கு ரிசப்ஷன். அண்ணன்காரன் குவைத்துலருந்து வாங்கிக் குடுத்தது. அதை நாங்க இப்போ நெய்வேலிக்கு வித்துட்டோம்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

"மேடம்?"

"கல்யாணத்துக்கா?" என்றார். "சிஸ்டத்துல அதைச் சொல்றதுக்கு இடமே இல்லையே சார். எனக்கு அது ஒரு நம்பராத்தானே வந்துச்சு." பிறகு, "அவரு முதல்ல எங்க கடைக்குத்தான் வந்தாரா?" என்று கேட்டார்.

"வந்தார். ஆன்லைன்ல கேளுங்கன்னு அனுப்பிட்டாங்களாம்."

"ஐயோ மாதாவே! நான் உள்ளதான் சார் இருந்தேன். உங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் போட்டுக்கிட்டு இருந்தேன்." அதுவரை என்னை 'சார்' என்று மட்டுமே அழைத்தவர் திடீரென்று, "அண்ணே, அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. பஸ்ல தனியா அனுப்பாதீங்க" என்றார்.

கண்டக்டரும் நானும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். வேலை நேரத்தில் மேனேஜர் கடையை விட்டுப் போவது எங்கள் கம்பெனியில் கேள்விப்படாத விஷயம். ஆபரேட்டரிடம், யாராவது கேட்டால் நான் டெலிவரிக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. கண்டக்டர் தானாகவே சொன்னார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்கு வரமுடியவில்லை என்று போனில் அழுதிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லையாம். "நான்தான் வரல, நான் வாங்கினதாவது மண்டபத்துல நிக்கட்டும்பா, தங்கச்சி பக்கத்துல நிக்க வச்சி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னான் சார். அவ்ளோதான் அவன் கேட்டது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையன் என் கடைக்கு நேரில் வந்திருந்தால் இதையெல்லாம் நான் கேட்காமலே சொல்லியிருப்பான். நாற்காலி போட்டதும் அவன் தங்கையின் கதை முழுக்க வந்திருக்கும். நானும் அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பியிருப்பேன். அது என் திறமை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வாடிக்கையாளர்கள்தான் தங்கள் கதையைத் தூக்கிக்கொண்டு என் படியேறி வந்திருக்கிறார்கள். இப்போது அவர்கள் வருவதில்லை. அவர்களுடைய பணம் மட்டும் வருகிறது. கதையை நாம்தான் தேடிப் போக வேண்டும். உங்களுக்கு இந்த வேலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்தால், என் அனுபவத்தில் அது இதுதான்.

சிதம்பரம் கடைக்குள் நுழையும்போது மேடம் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹாலின் நடுவில் மேடை போட்டு வைத்திருந்த சிவப்பு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே அழகுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பழங்களை ஒரு பெண் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கண்டக்டரை ஆன்லைனுக்கு அனுப்பிவைத்த பெண் அவள்தான். அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம், டிஸ்ப்ளே பீஸை எடுக்க ஹெட் ஆபீஸ் பர்மிஷன் வேணுமே" என்று அவருடைய உதவி மேனேஜர் முணுமுணுத்தார்.

"மெயில் போட்டுட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"அது வர்றதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பே வந்துடும். அந்தப் பக்கம் புடிங்க."

பில் போட முடியவில்லை. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்த ஃபிரிட்ஜ் விற்கக் கூடியதே இல்லை. மேடம் ஒரு வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டு கண்டக்டரிடம் கொடுத்தார். "உங்க பையனுக்குப் பணம் திரும்பினதும் வந்து பில் வாங்கிக்குங்க ஐயா. இப்போ மண்டபம் எங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் ரிசப்ஷனுக்கு நாங்கள் இருவரும் போனோம். மேடை ஓரத்தில் ஃபிரிட்ஜ் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் திறந்து பார்த்தார்கள். கடைசித் தட்டில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள் தப்பித்துத் தங்கியிருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா அதை எடுத்துத் துண்டில் துடைத்துக் கடித்தும் பார்த்தார். கண்டக்டர் எங்களைப் பந்தியில் உட்கார வைத்து, இலைக்கு இலை அவரே வந்து, "சாம்பார் ஊத்து, அவுங்களுக்கு ஊத்து" என்று விரட்டிக்கொண்டிருந்தார். மேடமும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நாங்கள் ஒரு கம்பெனியில் வேலை செய்தோம்.

அடுத்த மாதக் கூட்டம் கடலூரில் ஒரு ஓட்டலில் நடந்தது. ரத்தான சரக்கை மிக வேகமாக மறுபடி விற்ற கிளை என்று திருப்பாதிரிப்புலியூருக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அனுமதி இல்லாமல் காட்சிப் பொருளை வெளியே அனுப்பியதற்காக சிதம்பரம் மேடத்துக்கு மெமோ. அதன் நகல் எல்லாக் கிளைகளுக்கும் போயிருந்தது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

வெற்றியின் ரகசியத்தைச் சொல்லும்படி மைக்கை என்னிடம் கொடுத்தார் சின்னவர். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "இது சிதம்பரத்துக்குப் போக வேண்டிய கோப்பை. இப்பவே மாத்திடுவேன். ஆனா நம்ம விதிப்படி, வண்டி அவுங்கதான் அனுப்பணும்."

சிரித்தார்கள். சின்னவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நாங்கள் மாற்றி மாற்றித் தள்ளியது, லாரி படம் போட்ட மெசேஜ், டிக்கெட், கார் ஷெட், எல்லாம். சின்னவரின் பெயர் வரும் இடத்தில் அவர் பெயரையும் சொன்னேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தத் தைரியமும் இருந்திருக்கலாம்.

சின்னவர் எழுந்து, "சார், இதை நாம ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" என்றார். எல்லாவற்றையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோனவர், சிக்கல் வந்தால் மட்டும் ஆஃப்லைனுக்கு வந்துவிடுவார்.

ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறுவாரமே காரை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து நேரில் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் கடைக்குப் போனார். மேடத்தின் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"மேடம், நான் உங்களைத் தப்பு சொல்லல. பணமும் வந்துடுச்சு, பில்லும் போட்டாச்சு. ஆனா அன்னைக்கு அந்தப் பொருள் எங்க போச்சுங்கறதுக்கு சிஸ்டத்துல எந்த ஆதாரமும் இல்ல. ஆடிட்ல கேட்பாங்க. ஏதாவது காட்டணும்."

மேடம் தன் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து நீட்டினார். குவைத் பையன் அனுப்பியது. பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு பெண், சிவப்பு ஃபிரிட்ஜின்மேல் ஒரு கையை வைத்து, தோளில் கை போட்ட மாதிரி சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டுக்குக் கீழே எங்கள் கடை ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது: 'காட்சிக்கு மட்டும். விற்பனைக்கு அல்ல.'

சின்னவர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் மெதுவாக, "ஸ்டிக்கரையாவது உரிச்சிட்டுக் குடுத்திருக்கலாமே மேடம்" என்றார்.

"உரிக்கத்தான் போனேன் சார். அந்தப் பெரியவர் விடல. என் புள்ளை குடுத்தது விக்கறதுக்கு இல்லம்மா, அது அப்படியே இருக்கட்டும்னுட்டார்."

சின்னவர் லேப்டாப்பை மூடிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் விற்பனைக் கணக்கு ஏற வேண்டும், அதுவும் இரண்டு கிளைக்கும் பாதிப் பாதி என்று அவர் விதியை மாற்றினார். மேடமும் நானும் எங்களுக்குள் இன்னொன்று வைத்துக்கொண்டோம். ஆர்டர் வந்ததும் வாங்கியவருக்குப் போன் செய்து, எதற்காக வாங்குகிறீர்கள், எப்போது வேண்டும் என்று கேட்போம். விருத்தாசலத்தில் ஒருவர் மோசடிக் கும்பல் என்று நினைத்து என்னை வண்டை வண்டையாகத் திட்டினார். பரங்கிப்பேட்டையில் ஒரு அம்மா கட்டிலைப் பற்றிக் கேட்டதற்கு, மருமகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இந்த வழக்கத்துக்கு சின்னவர் பிற்பாடு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்து, மும்பையில் ஏதோ மாநாட்டில் போய்ப் பேசியதாகக் கேள்வி. கைதட்டினார்களாம்.

மெமோவை மட்டும் ரத்து செய்ய முடியவில்லை. கொடுக்க வழி வைத்தவர்கள் எடுக்க வழி வைக்கவில்லையாம். சிஸ்டத்தில் இன்றைக்கும் மேடத்தின் பெயருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அவர்தான் இப்போது உங்கள் மண்டல மேலாளர். திங்கட்கிழமை வேலையில் சேரும்போது உங்கள் பெயருக்கு நேரே எல்லாம் பச்சையாக இருக்கும். பச்சையாகவே வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவீர்கள், யாருக்குத்தான் ஆசை இருக்காது? இருந்தாலும் முதல் நாளே அவர் அறைக்குப் போய், அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். போனைத் திறந்து முதலில் அந்தப் பெண்ணின் போட்டோவைத்தான் காட்டுவார்.